1,861 வரிசை, அதுல 43 தான் நம்ம வீட்டு ஆளு: சின்ன மெகல்லன் மேகத்துக்கு ரேடியோ லிஸ்ட் போட்ட கதை

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொன்னேகாலுக்கு லிஸ்ட் முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னா, இதுக்கு மேல கை வச்சா கெட்டுப் போயிரும்ங்கிற நிலைமைக்கு வந்துட்டு, அவ்வளவுதான். ஜூலைல ஆரம்பிச்சது, நடுவுல தீபாவளிக்குக் கடையில வேலை குமிஞ்சு ஒரு மாசம் தொடவே இல்ல. ஞாபகம் இருக்கும்போதே எழுதி வச்சிருவோம்னு உக்காந்திருக்கேன், ஏன்னா இதுல சரியா செஞ்சதை விட தப்பா செஞ்சதுதான் ஜாஸ்தி, அதுதான் அடுத்தவனுக்கு உதவும்.

நான் பாளையங்கோட்டையில லேப்டாப் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். வானத்துக்கும் எனக்கும் சம்பந்தம் வந்தது ஒரு ரிட்டயர்டு பிசிக்ஸ் சாரால, லேப்டாப் ஹின்ஜ் உடைஞ்சு போச்சுன்னு கொண்டாந்தாரு, மாத்திக் கொடுக்குறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் பேசிட்டாரு. தெற்க அடிவானத்துல ரெண்டு குட்டி கேலக்ஸி இருக்கு, பெரிய மெகல்லன் மேகம், சின்ன மெகல்லன் மேகம், வட இந்தியாக்காரனுக்கு ரெண்டுமே அடிவானத்துக்குக் கீழ, நமக்கு மட்டும் கொஞ்சூண்டு மேல வருதுன்னாரு. கணக்குப் போட்டுப் பாத்தேன். திருநெல்வேலி அட்சரேகை 8.7, சின்ன மேகம் தெற்க 72.8 டிகிரில இருக்கு, ஆக உச்சத்துக்கு வரும்போதே 8.5 டிகிரிதான் உயரம். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்துல வச்சா அந்த முஷ்டி அகலம் கூட இல்ல. ஜனவரில ஒரு நாள் பைக்கை எடுத்துக்கிட்டு உவரி கடற்கரைக்கே போய்ப் பாத்தேன். அகத்தியர் நட்சத்திரம் பளிச்சுன்னு தெரிஞ்சுது (பொதிகைமலைக்காரருக்கு அங்கயும் நல்ல இடம்தான் கொடுத்திருக்காவ), மேகம் இருக்க வேண்டிய இடத்துல கடல் ஈரமும் மூடாப்பும்தான். தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, தெரியாத மாதிரியும் இருந்துச்சு, அதை நம்ப முடியாது.

கண்ணுல தெரியலன்னா ரேடியோல பாப்போம்னு அடுத்த கிறுக்கு. கேபிள் டிவி நடத்துன அண்ணாச்சி ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில ஆறடி டிஷ் துருப்பிடிச்சுக் கிடந்தது, 900 ரூவாக்குத் தந்தாரு. வெல்டிங் பண்ணி ஸ்டாண்டு 1,100, ரேடியோ சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள்ள வாங்குற யுஎஸ்பி எஸ்டிஆர் டாங்கிள் 3,800, சிக்னலைக் கூட்டுற எல்என்ஏ 2,600. மொத்தம் 8,400. வானத்துல உள்ள ஹைட்ரஜன் வாயு தானா விடுற ரேடியோ அலை, ஹைட்ரஜன் கோடும்பாங்க, 1420 மெகாஹெர்ட்ஸ்ல வரும், அதைப் பிடிக்க டப்பாவை வெட்டி ஃபீடு செஞ்சு டிஷ் முன்னாடி மாட்டுனேன், பால்வீதி தலைக்கு மேல குறுக்க வந்தப்ப ஸ்பெக்ட்ரத்துல ஒரு சின்ன மேடு வந்துச்சு, அன்னைக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, வீட்டம்மாவை எழுப்பிக் காட்டுனேன், "ஏங்க இந்த மேட்டுக்கா எட்டாயிரம்"னு கேட்டுட்டுத் தூங்கப் போயிட்டா.

ஆனா நான் செய்ய நினைச்சது லிஸ்ட். அந்தக் கேலக்ஸிக்குள்ள தனித்தனியா இருக்குற ரேடியோ புள்ளி ஒவ்வொண்ணும் எது, எங்க, எவ்வளவு பிரகாசம்னு. ஆறடி டிஷ்ஷுக்கு அந்த அலைநீளத்துல பார்வை அகலம் 8 டிகிரி. சின்ன மேகமே அஞ்சு டிகிரிக்குள்ள அடங்கிரும். அதாவது முழு கேலக்ஸியும் எனக்கு ஒரே ஒரு புள்ளி, அதுவும் தென்னமரத்துக்குப் பின்னால. 25 ஆர்க் செகண்ட் அளவுக்கு (ஒரு டிகிரியை 3,600 பங்கு போட்டா ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) பிரிச்சுப் பாக்கணும்னா தட்டு ரெண்டு கிலோமீட்டர் குறுக்களவு வேணும், குத்துமதிப்பா ஈரடுக்குப் பாலத்துல ஒரு விளிம்பு, முருகன்குறிச்சி பக்கம் மறு விளிம்பு. சார் சிரிச்சாரு. படிக்கிற காலத்துல ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்பைப் போய்ப் பாத்தாராம், 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970ல இருந்து ஓடுது, மலைச்சரிவு 11 டிகிரி சாய்வு, அந்த ஊர் அட்சரேகையும் அதே 11, அதனால ஒரே அச்சுல திருப்பிக்கிட்டே நட்சத்திரத்தைத் தொடர முடியும்னு அதுக்குன்னே தேடிப் பிடிச்ச மலையாம். "உன் மாடியில மலை இல்ல வே தம்பி, படத்தை எடுத்தவன்கிட்ட வாங்கி எண்ணு"ன்னாரு.

டிஷ் இப்ப மாடியில குருவிக்குத் தண்ணி வைக்க ஆகுது.

படம் எடுத்தவன் ஆஸ்திரேலியாக்காரன். மர்ச்சிசன்னு மேற்கு ஆஸ்திரேலியா பொட்டக்காடு, ஆள் நடமாட்டம் இல்ல, செல்போன் இரைச்சல் இல்ல, அங்க ஆஸ்கேப்னு 36 டிஷ், ஒவ்வொண்ணும் 12 மீட்டர், ஆறு கிலோமீட்டருக்குப் பரப்பி வச்சிருக்கான். அதுல ராக்ஸ்னு ஒரு சர்வே, ஒரு இடத்துக்கு 15 நிமிஷம்னு கிடுகிடுன்னு வானத்தைச் சுத்தி எடுத்தது, முதல் சுத்து 887.5 மெகாஹெர்ட்ஸ். அவங்களே போட்ட கேட்டலாக்ல 21 லட்சம் சோர்ஸ், அதாவது ரேடியோ புள்ளி, இருக்கு. படம் கேஸ்டாங்கிற அவங்க ஆர்க்கைவ்ல இலவசம், பேரைப் பதிஞ்சா போதும், முழுசா வேண்டாம்னா வேணுங்கிற துண்டை மட்டும் வெட்டித் தருவான். சின்ன மேகத்தை நடுவுல வச்சு அஞ்சு டிகிரிக்கு அஞ்சு டிகிரி, 25 சதுர டிகிரி துண்டு எடுத்தேன். இருநூறு எம்பி சொச்சம். கல்யாண வீடியோ கூட இதை விடப் பெருசா இருக்கும்.

கஸ்டமர் வேண்டாம்னு விட்டுட்டுப் போன பழைய ஐ5 லேப்டாப் ஒண்ணு இருந்தது. லினக்ஸ் போட்டேன். 4 ஜிபி ரேம்ல பேன்னு ஒரு சின்ன புரோகிராம், படத்தோட இரைச்சலை அளக்குறது, ஓட விட்டதும் மெஷின் அப்படியே உறைஞ்சு நின்னுட்டு. பழைய 8 ஜிபி ரேம் 1,400, 480 ஜிபி எஸ்எஸ்டி 2,300, தெர்மல் பேஸ்ட் 150 போட்டேன், பேஸ்ட் மாத்துறதுக்கு முன்னாடி ப்ராசஸர் 94 டிகிரிக்குப் போச்சு, மாத்தி அடியில ரெண்டு செங்கலை வச்சுத் தூக்கி டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டதும் 71ல நின்னுச்சு. ஐப்பசி மாசத்துலயே இந்தக் கதை, சித்திரையா இருந்திருந்தா சொல்லவே வேண்டாம்.

பேன் கிராஷ் ஆன கடுப்புல அதை விட்டுட்டு நேரா ஏஜியனுக்குப் போனேன், சோர்ஸ் தேடுற புரோகிராம் அது, ரெண்டும் ஒரே பொட்டலத்துல வர்ற அண்ணன் தம்பி. முதல் பெரிய தப்பு இங்கதான். படத்தோட ஒரு ஓரத்துல காலியா இருந்த இடத்துல இரைச்சலை அளந்தேன், 0.2 மில்லி ஜான்ஸ்கி (ரேடியோ பிரகாசத்தை அளக்குற அலகு) வந்துச்சு, அதையே முழுப் படத்துக்கும் வச்சு அதுல அஞ்சு மடங்குக்கு மேல இருக்குறதெல்லாம் சோர்ஸ்னு சொல்லிட்டேன். 3,412 வந்துச்சு. ஆஹான்னு இருந்துச்சு. படத்து மேல புள்ளி போட்டுப் பாத்தா பிரகாசமான சோர்ஸ் ஒவ்வொண்ணைச் சுத்தியும் கோலம் போட்ட மாதிரி வரிசையா நட்சத்திரக் கை, அந்தக் கை ஒவ்வொண்ணுலயும் எட்டு பத்து "சோர்ஸ்". அதெல்லாம் வானத்துல இல்ல, 36 டிஷ்ஷையும் சேர்த்துப் படம் ஆக்கும்போது கழுவாம மிஞ்சுற கறை. இரைச்சல் இடத்துக்கு இடம் மாறும், பெரிய சோர்ஸ் பக்கத்துல ரெண்டு மூணு மடங்கு இருக்கும். அதை அளக்கத்தான் பேன் இருக்கு, அதைத்தான் நான் தூக்கிப் போட்டேன்.

ரேம் வந்த பொறவு பேன் ஒழுங்கா ஓடிச்சு, நாப்பது நிமிஷம். பின்னணிக்கு ஒரு படம், இரைச்சலுக்கு ஒரு படம்னு ரெண்டு ஃபைல் தரும், ஏஜியன் அதை எடுத்துக்கும். இரைச்சலை விட அஞ்சு மடங்கு இருந்தா சோர்ஸுக்கு விதை, அதைச் சுத்தி நாலு மடங்கு வரைக்கும் அதோட பரவல், அவன் வச்ச டிஃபால்ட்டை மாத்தல. 3,412 குறைஞ்சு 2,206 ஆச்சு. ஆயிரத்து இருநூறு சோர்ஸ் ஒரே ராத்திரில காணாம போச்சு, கொஞ்சம் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

அந்த 2,206ஐயும் கண்ணால பாத்தேன். ஒண்ணு விடாம. கடை மூடுன பொறவு ராத்திரிக்கு நூறு, இருபத்திரெண்டு நாள். சொதி வச்சுக் கொடுத்தாக்கூட கம்ப்யூட்டர் முன்னாடியே சாப்பிடுதான்னு வீட்டுல பேச்சு. பிரகாசமான சோர்ஸ் பக்கத்துல கறைன்னு அடிச்சது 141. இன்னொரு தொல்லை, பெரிய சைஸ் உள்ளதை ஏஜியன் துண்டு துண்டா ஆக்கிரும். என்66னு ஒரு இடம், என்ஜிசி 346 நட்சத்திரக் கூட்டத்தைச் சுத்தி இருக்குற வாயு, சின்ன மேகத்துலயே பெரிய பிரசவ வார்டு அதுதான், அதை 38 சோர்ஸா எழுதியிருந்துச்சு. ஒரு இட்லி குண்டானை 38 இட்லியா எண்ணுன கணக்கு. இப்படித் துண்டானதையும், ரெண்டு பக்கமும் வாலு நீட்டுன ரேடியோ கேலக்ஸி ரெண்டு மூணு வரிசையா வந்ததையும் சேர்த்துக் கட்டுனதுல 204 வரிசை குறைஞ்சுது. மிச்சம் 1,861.

இதுல எதைச் சேர்க்கலாம் எதைப் பிரிக்கலாம்ங்கிறதுக்கு மொதல்ல நான் ஒரு விதியும் எழுதி வைக்கல, தூக்கம் வர்ற நேரத்துல ஒரு மாதிரியும் தூக்கம் வராத நேரத்துல ஒரு மாதிரியும் முடிவு பண்ணியிருக்கேன்னு பொறவுதான் தெரிஞ்சுது. முதல் முந்நூறைத் திரும்பப் பாத்தேன்.

இப்ப பொசிஷன் சரியான்னு பாக்கணும். தெரிஞ்ச ஆளு ஒருத்தன் வேணும். 1ஈ 0102-7219னு வெடிச்ச நட்சத்திரத்தோட மிச்சம் ஒண்ணு, ஐன்ஸ்டீன்னு பேரு வச்ச எக்ஸ்ரே சேட்டிலைட் கண்டுபிடிச்சது, பேருல உள்ள 1ஈ அதுதான். பேருலயே முகவரி இருக்குல்ல, 1 மணி 2 நிமிஷம், தெற்க 72 டிகிரி 19 நிமிஷம். அங்க போனா ஒண்ணுமே இல்ல. ஆனா வடகிழக்க கிட்டத்தட்ட 20 ஆர்க் மினிட் (ஒரு டிகிரில மூணுல ஒரு பங்கு) தள்ளி உருண்டையா பிரகாசமா ஒண்ணு இருக்கு. சரி, படத்தை வெட்டும்போது பொசிஷன் நகந்துட்டு போலன்னு, நான் என்ன பண்ணேன், மொத்த லிஸ்டையும் அந்த அளவுக்குத் தள்ளி வச்சுட்டேன். தள்ளி வச்ச லிஸ்டை சம்ஸ் கேட்டலாக் கூட ஒப்பிட்டா, அது மலோங்லோ டெலஸ்கோப் 843 மெகாஹெர்ட்ஸ்ல போட்டது, ஆயிரத்து எண்ணூறுல நாலே நாலு ஒத்துப் போகுது. ஒரு வாரம் மண்டையைப் பிச்சுக்கிட்டேன்.

சார் வந்தாரு, பேப்பரைப் பாத்தாரு. "இந்தப் பேரு எந்த வருசத்து முகவரி?" 1950. நம்ம படம் 2000 கணக்கு. பூமியோட அச்சு பம்பரம் மாதிரி ஆடுதுல்ல, ஒரு சுத்துக்கு 26,000 வருசம் பக்கம் ஆகும், அதனால 50 வருசத்துல வானத்து முகவரியே மாறிரும். "பஞ்சாங்கத்துல அயனாம்சம்னு போடுதானே, அதேதான் வே இது." 2000 கணக்குல அவன் 1 மணி 4 நிமிஷம், தெற்க 72 டிகிரி 2 நிமிஷம். என் லிஸ்ட்ல தள்ளுறதுக்கு முன்னாடி சரியா அந்த இடத்துலதான் இருந்திருக்கான், மவராசன். தெரு பேரு மாறுனது தெரியாம வீட்டையே பேத்து வச்சிருக்கேன்.

தள்ளுனதைத் திருப்பி வச்சுட்டு ஒப்பிடுற வேலையைக் கணக்கு ஷீட்லயே பண்ணலாம்னு போனது அடுத்த கூத்து. கடையில பில்லு எல்லாம் அதுலதான் போடுதேன், கை பழகிட்டு. 00:52:38னு அடிச்சா அது ராத்திரி மணி 12:52னு எடுத்துக்குது, வான முகவரின்னு அதுக்கு எப்படித் தெரியும். டெசிமலா மாத்திப் போட்டேன். பொறவு ரெண்டு பக்கமும் 20 ஆர்க் செகண்டுக்குள்ள இருந்தா ஒரே ஆளுன்னு ஃபார்முலா, 451 ஒத்துப் போச்சு. கம்மியா இருக்கேன்னு நினைச்சேன் ஆனா காரணம் தெரியல. தீர்க்கரேகை துருவத்துக்குப் போகப் போக குடைக்கம்பி மாதிரி நெருங்கும், தெற்க 72ல ஒரு டிகிரிங்கிறது வானத்துல 0.31 டிகிரிதான். ஆக நான் 20ன்னு வச்ச ஜன்னல் கிழக்கு மேற்கா நிஜத்துல 6 தான், ஓரத்துல இருந்தவனெல்லாம் வெளியே நின்னுட்டான். கணக்கு ஷீட்டை மூடிட்டு டாப்கேட் போட்டேன், ஜாவா புரோகிராம், இந்த மாதிரி டேபிளைச் சேர்க்கவே செஞ்சது, ஃப்ரீ. அதே 20க்கு 604 வந்துச்சு. மொதநாளே இதைப் போட்டிருக்கணும்.

பேராசை விடல. 20க்கு 604னா 90க்கு எவ்வளவுன்னு பாத்தேன், 688. நல்லாத்தானே இருக்குன்னு வச்சுக்கிட்டேன். பொறவு எந்த சோர்ஸுக்கு எந்த நட்சத்திரம்னு பாப்போம்னு கையா சேட்டிலைட்டோட நட்சத்திர லிஸ்டை எடுத்து 45 ஆர்க் செகண்டுக்கு ஒப்பிட்டேன், 1,861ல 1,861ம் ஒத்துப் போச்சு. ஒண்ணு விடாம! அப்பவே சந்தேகம் வந்திருக்கணும், வரல, சாருக்கு போன் போட்டு எல்லாத்துக்கும் ஆள் கிடைச்சுட்டு சார்னேன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "உன் லிஸ்டை வேணும்னே அஞ்சு ஆர்க் மினிட் தள்ளி வச்சுட்டு ஒப்பிடு, என்ன வருதுன்னு சொல்லு."

தள்ளி வச்சேன். (தள்ளுறதுல நமக்குத்தான் அனுபவம் இருக்கே.) அப்பவும் 1,861. அதாவது அந்தத் திசையில நட்சத்திரம் மணல் மாதிரி கொட்டிக் கிடக்கு, எங்க 45 ஆர்க் செகண்ட் வட்டம் போட்டாலும் நாலஞ்சு விழும். ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதில நிக்குற கூட்டத்துல கண்ணை மூடிக் கையை நீட்டுனா யாராவது ஒருத்தர் தோள் கையில படும், அதுக்காக அவரு நம்ம சித்தப்பா ஆயிர முடியுமா. சம்ஸ் கூடயும் தள்ளி வச்சுப் பாத்தேன்: 90க்கு 97 ஒத்துப் போகுது, எல்லாம் பொய். 20க்கு 5 தான். அதோட 20ன்னு ஆணி அடிச்சுட்டேன். எந்த ஒப்பீடு பண்ணாலும் தள்ளி வச்சு ஒரு தடவை, தள்ளாம ஒரு தடவை, ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதுறதுன்னு இப்ப வழக்கம். இந்த மொத்த வேலையில நான் படிச்ச உருப்படியான விஷயம் இது ஒண்ணுதான்னு வச்சுக்கிடுங்க, பைசா செலவு இல்ல.

அதுக்குப் பொறவுதான் நிஜமான கேள்வி. படத்துல 1,861 இருக்கு, சரி, அதுல எத்தனை சின்ன மேகத்துக்குள்ள இருக்கு? அது 2 லட்சம் ஒளியாண்டுல இருக்கு. அதுக்குப் பின்னால கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்குற கேலக்ஸியோட கருந்துளை கக்குற ரேடியோவும் அதே படத்துல அதே மாதிரி புள்ளியாத்தான் விழும். முன்னாலயும் ஆள் இருக்கான், படத்து மேற்கு ஓரத்துல 47 டுகானேன்னு நட்சத்திரக் கொத்து, பாத்தா மேகத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும், ஆனா 15,000 ஒளியாண்டுதான், நம்ம பால்வீதி ஆளு. சார் பாஷையில சொன்னா எத்தனை பேரு வீட்டு ஆளு, எத்தனை பேரு பின்னால ரோட்டுல போறவன்.

இதுக்கு நானே யோசிச்ச வழி, பெருமையா சொல்லிக்கிடுதேன்: கேலக்ஸி எதுவும் இல்லாத இன்னொரு 25 சதுர டிகிரியை அதே தெற்க 72ல, பெரிய மேகத்துக்கு எதிர்ப்பக்கமா ரெண்டரை மணி நேரம் தள்ளி எடுத்தேன், அதே சர்வே, அதே பேன், அதே ஏஜியன், அதே கண்ணு. இதுக்கு இன்னும் இருவது நாள் ராத்திரி. 1,774 வந்துச்சு. கழிச்சா 87. அப்ப மேகத்துல 87 இருக்குன்னு எழுதப் போனேன். சார் நிறுத்துனாரு. எண்ணிக்கைன்னாலே ஒரு தடுமாற்றம் உண்டு, ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடு. 3,635க்கு 60. அப்ப 87, கூடவோ குறையவோ 60. இருபத்தேழும் இருக்கலாம், நூத்தி நாப்பத்தேழும் இருக்கலாம். நாப்பது ராத்திரி முழிச்சு இதுதான் பதில். பெருமை அங்கயே இறங்கிப் போச்சு, ஆனா ஒண்ணு நல்லா விளங்குச்சு, ஒரு குள்ள கேலக்ஸியோட ரேடியோ லிஸ்ட்னு பேரு, அதுல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேரு வெளியூர்க்காரன்.

தனித்தனியாத்தான் பாக்கணும். ஒரு வழி நிறம் பாக்குறது, அதாவது ரெண்டு அலைவரிசையில பிரகாசம் எப்படி மாறுது. சூடான வாயுன்னா கிட்டத்தட்ட மாறாது, சரிவு -0.1. வெடிச்ச நட்சத்திர மிச்சம்னா -0.5 பக்கம், பின்னால உள்ள ரேடியோ கேலக்ஸின்னா பொதுவா -0.7. ராக்ஸ்லயே ரெண்டாவது சுத்து 1367.5 மெகாஹெர்ட்ஸ்ல இருக்கு, எடுத்தேன். அதோட கூர்மை 10 ஆர்க் செகண்ட் பக்கம், முதல் படம் 25. ரெண்டையும் ஒரே மங்கலுக்குக் கொண்டு வரணும்னு பைத்தான்ல கூர்மையை மழுக்கி ஒப்பிட்டா எல்லா சோர்ஸும் -4.9, -5னு வருது. இப்படி ஒரு பொருள் வானத்துலயே கிடையாது. படத்தோட அலகு ஒரு பீமுக்கு, அதாவது படத்துல ஒரு புள்ளி பரவித் தெரியுற வட்டத்துக்கு, இவ்வளவு ஜான்ஸ்கின்னு இருக்கும், பீமைப் பெருசாக்குனா அந்த விகிதத்தால பெருக்கணும், 25க்கு 10, வர்க்கம் எடுத்தா 6.25. பெருக்க மறந்துட்டேன். பெருக்குனதும் கூட்டம் -0.7 பக்கத்துல வந்து உக்காந்துச்சு, அம்மாடின்னு இருந்துச்சு.

ஆனா அதுலயும் பெரிய பிரயோசனம் இல்ல பாத்துக்கிடுங்க. 887க்கும் 1367க்கும் இடைவெளி கம்மி. ரெண்டு அளவுலயும் நூத்துக்குப் பத்து பிழைன்னு வச்சாலே சரிவுல 0.33 பிழை வந்துரும், -0.7ன்னு வந்தா அது -0.4 ஆகவும் இருக்கலாம் -1.0 ஆகவும் இருக்கலாம். சாய்ச்சு வச்ச பலகையில அளக்குற ரெண்டு இடமும் பக்கத்துல பக்கத்துல இருந்தா சரிவை அளக்க முடியாதுல்ல. பிரகாசமான ஆளுக்கு மட்டும் நம்பலாம்: என்66க்கு -0.2 வந்துச்சு, 1ஈ 0102க்கு -0.7, ஆராய்ச்சிக்காரங்க சொல்லுற -0.6க்குக் கிட்டத்தட்ட. மத்தவனுக்கு அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டேன். அடுத்த தடவை அதே மர்ச்சிசன்ல இருக்குற இன்னொரு டெலஸ்கோப்போட 200 மெகாஹெர்ட்ஸ் க்ளீம் சர்வேயைத்தான் மொதல்ல எடுப்பேன், அதோட சேர்த்தா அதே பத்து சதவீதத்துக்கு பிழை 0.07தான் வரும். கூர்மை ரெண்டு ஆர்க் மினிட்தான், பக்கத்துப் பக்கத்து ஆளெல்லாம் ஒட்டிக்குவான், இருந்தாலும் தனியா நிக்குறவனுக்காவது உதவும்.

கடைசியில வெடிச்ச நட்சத்திர மிச்சம்னு ஏற்கனவே தெரிஞ்ச இருபது சொச்சத்துல 13 என் லிஸ்ட்ல இருக்கு, வாயுக் கூடு 26, கோள்வடிவ நெபுலா, அதாவது சாகப் போற நட்சத்திரம் ஊதி விட்ட வாயு, 4 (அதுல ரெண்டு சந்தேகம்). 43. மிச்சம் 1,818ல பெரும்பாலும் ரோட்டுல போறவன், எவன்னு எனக்குத் தெரியாதுன்னு நேரா எழுதிட்டேன். இடையில ஒரு தடவை 11 புது நட்சத்திர மிச்சம் கண்டுபிடிச்சுட்டேன்னு குதிச்சது உண்டு, ஒன்பது என்66 மாதிரி வாயுவோட ஓரத்துண்டு, ரெண்டு கறை.

முடிக்குற வரைக்கும் பாக்கக் கூடாதுன்னு ஒதுக்கி வச்சிருந்த லிஸ்டை அப்புறம்தான் திறந்தேன். இதே ஆஸ்கேப்ல இதே மேகத்தை 2019ல ஒரு பெரிய டீம் போட்டிருக்கு, 960 மெகாஹெர்ட்ஸ்ல 4,489, 1320ல 5,954. என் படத்தை விட இரைச்சல் கம்மி, அதனால அவங்களுக்கு மங்கலானவனும் மாட்டியிருக்கான், கோள்வடிவ நெபுலாவே தெரிஞ்ச 102ல 22 அவங்ககிட்ட இருக்கு. ரெண்டு படமும் மூடுற பரப்புல என்னோடது 1,702, அதுல 1,611 அவங்க லிஸ்ட்லயும் இருக்கு, தள்ளி வச்சுப் பாத்தா ஒத்துப் போறது ரொம்பக் கம்மி. மிச்சம் 91ஐ ஒண்ணொண்ணா பாத்தேன், 52 நான் கவனிக்காம விட்ட கறை, 22 நான் பிரிச்சதை அவங்க சேர்த்தது. அந்த 52ஐ லிஸ்ட்ல இருந்து நீக்கல, பக்கத்துல "தப்பு"ன்னு ஒரு கட்டம் போட்டு அப்படியே வச்சிருக்கேன்.

மொத்தச் செலவு 12,250, அதுல லிஸ்டுக்கு ஆனது 3,850 தான், மத்தது மாடியில குருவி குடிக்குது. மறுபடி செஞ்சா கண்ணால பாக்குறதுக்கு முன்னாடி விதியை ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிருவேன், கேலக்ஸி இல்லாத துண்டை மொதல்ல எண்ணிக் கை பழகிட்டுப் பொறவுதான் கேலக்ஸிக்கு வருவேன், ஏன்னா ரெண்டாவது துண்டு எண்ணும்போது நான் கெட்டிக்காரனா ஆயிட்டேன், அதனாலயே அதுல எண்ணிக்கை கொறஞ்சுதோன்னு இப்பவும் ஒரு உறுத்தல் இருக்கு.

91ல 52ம் 22ம் போனா 17 மிச்சம். கறையும் இல்ல, துண்டும் இல்ல, ரெண்டு சுத்துலயும் இருக்கான், அவங்க லிஸ்ட்ல இல்ல. நேரத்துக்கு நேரம் பிரகாசம் மாறுறவனா இருக்கலாம்னு சார் சொல்லுதாரு, நான் இன்னும் கறைன்னுதான் நினைக்கேன். 17 படத்தையும் பெருசா பிரிண்ட் எடுத்துக் கொண்டான்னு சொல்லியிருக்காரு. கடை பிரிண்டர்ல டோனர் தீந்துட்டு, திங்கக்கிழமை வரும்.